கை ஃப்ரேமுக்குள் இருக்கட்டும்

கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு லென்ஸைப் பற்றியோ லைட்டைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் போனில் பார்த்துக்கொள்வீர்கள். போனில் கிடைக்காத ஒன்று உண்டு. போட்ட திட்டம் கண்ணெதிரே உடையும்போது எதை விடுவது, எதைக் கையில் பிடித்துக்கொள்வது என்பது. அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கிறது. என் வாழ்க்கையில் எந்தத் திட்டமும் முழுசாக நின்றதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விரட்டவில்லை. ஒரு லாரி நாசிக் போகிறது என்றார்கள், ஏறிவிட்டேன். வெங்காய மண்டி, பம்பாயில் டீக்கடை, பெங்களூரில் பிளாஸ்டிக் கம்பெனி, பிறகு சென்னையில் சினிமா லைட் யூனிட். வேலை இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவோம். கதகதப்பாக இருக்கும், கொசு வராது. மஞ்சள் காமாலை வந்தபோது யூனிட் வண்டி என்னைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு அடுத்த லொகேஷன் இருந்தது. தேறி எழுந்ததும் திருச்சி பஸ் ஏறினேன். மன்னார்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே நின்றவன்தான். நடுவில் சில முறை ஓடிப்போனேன். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தபோது என் ஸ்டூல் காலியாகவே இருந்தது.

அந்த ஸ்டுடியோக்காரர் அதிகம் பேச மாட்டார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம். மூன்று முடிச்சை எடுக்க எல்லாரும் முண்டியடித்தார்கள், நானும் நுழைந்தேன். அவர் என் காலரைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "எல்லாப் பயலும் கையை எடுப்பான். நீ மூஞ்சியை எடு." திரும்பிய இடத்தில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த வீட்டில் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம்.

கையை விடு, முகத்தை எடு. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு தொழில் வாழ்க்கையையே ஓட்டிவிட்டேன். நல்ல விதி. எங்கே அது செல்லாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அப்படி ஓர் இடத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

நான் பார்த்தேன். என் வலது கண் மங்கி, தொழிலை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். ஸ்டுடியோ அப்போது அவருடைய மகன் கைக்கு வந்திருந்தது. மூன்று கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். பிரவீன் விஸ்காம் கடைசி வருஷம். பேசும்போதே இரண்டு கையாலும் காற்றில் ஃப்ரேம் போடுகிறவன். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும், கேமரா கல்லூரியில் தருவார்கள், பிடிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்றான். உடன் வந்தவள் ஃபாத்திமா. பாட்டை எழுதிப் பாடியவள் அவள். மூன்றாவது பெண் ஸ்டெல்லா. நான் "உட்காரும்மா" என்றதும் என் உதட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இவளுக்குக் காது கேக்காதுங்கண்ணே. பொறந்ததுலேர்ந்தே" என்றாள் ஃபாத்திமா. "பாட்டுல வர்றது இவதான். நான் பாடுவேன், இவ கையால சொல்லுவா. எங்க அத்தா, அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது. அதனால எனக்குச் சைகை மொழி வீட்டுப் பாஷை."

"பாட்டு எதைப் பத்தி?"

"இவளுக்குக் கோயம்புத்தூர்ல டீச்சர் ட்ரெயினிங் சீட் கிடைச்சிருக்கு. காது கேக்காத பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர படிப்பு. இவங்க அப்பா விட மாட்டேங்கிறார். தனியா போய் என்ன பண்ணுவா, யார்கிட்ட என்னன்னு சொல்லுவான்னு பயம்."

"அதுக்குப் பாட்டு எதுக்கு? அவர்கிட்ட பேச வேண்டியதுதானே?"

ஃபாத்திமா அதைக் கையால் சொன்னாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்தாள். வா என்றாள், போ என்றாள். எனக்கே புரிந்தது.

"வீட்டுல இருக்கிற பாஷை இவ்வளவுதான்கிறா. நான் கூட உட்காந்து சொன்னா, 'இது நீ சொல்றியா, அவ சொல்றாளா'ன்னு என்னையே கேக்குறார். ஆனா அவர் மாதா கோயில் பாட்டுக் குழுவுல பாடுறவர். பாட்டுன்னா முடியற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டார்."

விஷயம் அதுதான். போட்டி பிரவீனுக்கு. ஸ்டெல்லாவுக்கு அந்த ஒரு பார்வையாளர் போதும். கோயம்புத்தூருக்குப் பணம் கட்டச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் திட்டத்தை எழுதுகிற ஆள் இல்லை. எழுதினால் எனக்கே புரியாது. தரையில் தண்ணீர் பாட்டில் மூடிகளை ஆட்களாக வைப்பேன், தீப்பெட்டி கேமரா. நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். பிரவீன் தன் போனில் இடங்களைக் காட்டினான். முதல் சரணம் திருவெள்ளறைக் கிணற்றில், இரண்டாவது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், நடுவில் காவிரிப் பாலத்துக்கு மேல் ட்ரோன்.

"ட்ரோன்ல இந்தப் பொண்ணு எறும்பு சைஸ்ல இருக்கும். எறும்பு கையை ஆட்டுனா எவனுக்குத் தெரியும்?"

"பில்டப்புண்ணே."

"உன் பில்டப்பை உன் கல்யாணத்துக்கு வச்சுக்க."

உருக்கமான வரிகள் வரும் இடத்தில் தீப்பெட்டியை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முகத்துக்குக் கிட்டத்தில். என் விதிப்படி. ஸ்டெல்லா குனிந்து தீப்பெட்டியைப் பின்னால் இழுத்தாள். அவள் கை தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து முன்னால் தள்ளினேன். மறுபடி இழுத்தாள். நான் தள்ள, அவள் இழுக்க, பிரவீன் சிரித்துவிட்டான்.

"கிட்ட வந்தா கை வெளிய போயிடும்கிறா" என்றாள் ஃபாத்திமா.

"ரெண்டு வரிக்குத்தானேம்மா. முகத்துல தெரியாதது கையில என்ன தெரிஞ்சிடப் போகுது?"

ஸ்டெல்லா பதிலைச் சட்டென்று சொன்னாள். ஃபாத்திமா சொல்லத் தயங்கினாள். "அந்த ரெண்டு வரிக்கு என்னை வாயைப் பொத்திட்டுப் பாடச் சொல்லுவீங்களான்னு கேக்குறா."

பிரவீன் மறுபடி சிரித்தான். நான் தீப்பெட்டியைப் பின்னால் வைத்தேன். தலையிலிருந்து இடுப்பு வரை, கை எங்கே போனாலும் ஃப்ரேமுக்குள். "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குமேண்ணே" என்று பிரவீன் முனகினான். இருக்கட்டும் என்றேன். அத்தோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

திருவெள்ளறைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கமும் படிக்கட்டு வளைந்து இறங்கும். ஒரு படிக்கட்டில் நிற்பவர் இன்னொன்றில் நிற்பவருக்குத் தெரிய மாட்டார். பாட்டின் ஒரு வரிக்கு ஒரு படிக்கட்டு என்று திட்டம் போட்டோம். வரி முடிந்ததும் நிறுத்துவோம், அடுத்த படிக்கட்டில் அடுத்த வரி. ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது, சுற்றி வயலில் வேலை செய்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வெயில் சொன்ன இடத்தில் விழுந்தது. திட்டம் இம்மி பிசகாமல் நடந்த நாள் அது. அப்படி நடந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மறுநாள் ஸ்டுடியோவில் பிரவீன் எல்லாவற்றையும் ஒட்டிக் கொண்டுவந்தான். தாளம் விழும் இடத்தில் காட்சி மாறியது. பார்க்க அம்சமாக இருந்தது. ஃபாத்திமா மட்டும் திரையை விட்டுவிட்டு ஸ்டெல்லாவையே பார்த்தாள். ஸ்டெல்லா முழுசாகப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். கோபம் இல்லை. ஒரு பாத்திரத்தை மூடுகிற மாதிரி மூடினாள்.

"என்னாச்சு?" என்றான் பிரவீன்.

ஃபாத்திமாதான் விளக்கினாள். "பாட்டு வரி முடியற இடத்துல இவ பேச்சு முடியலடா. எனக்கு அங்கேயே தோணுச்சு, ராகம் நல்லா வருதேன்னு விட்டுட்டேன். இங்க பாரு." அவள் கையை நெஞ்சிலிருந்து முன்னால் நீட்டினாள். அது தூரம் போய், வளைந்து, திரும்பி நெஞ்சுக்கே வந்தது. "போயிட்டு வரேன். இது ஒரே அசைவு. பாட்டுல ஒவ்வொரு தடவையும் 'போயிட்டு'ல ஒரு வரி முடிஞ்சு, 'வரேன்' அடுத்த வரியிலதான் வருது. நாம கை போறதோட வெட்டிட்டோம். அடுத்த படிக்கட்டுல கை ஏற்கெனவே நெஞ்சுல இருக்கு. சரணம் முழுக்க இவ 'போறேன், போறேன்'னு மட்டும்தான் சொல்றா."

நம் ஊரில் கடைக்குக் கிளம்புகிறவன்கூட 'போறேன்' என்று சொல்ல மாட்டான். சொன்னால் வீட்டில் திட்டு விழும். ஒரு அப்பாவிடம், அதுவும் எதற்குப் பயப்படுகிறாரோ அதையே, மகள் திரும்பத் திரும்பச் சொல்லும்படி நாங்கள் வெட்டி வைத்திருந்தோம். அழகாக.

பிரவீன் விடவில்லை. "அவங்க அப்பாவுக்குத்தான் சைகையே தெரியாதே? பாட்டைக் கேப்பார். கை வெட்டுப்பட்டது அவருக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. எனக்குள்ளும் அது இருந்தது. ஸ்டெல்லா அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்கிறா. வீட்டுல நான் பாதி சொல்றப்பவே மீதியை யாராவது சொல்லி முடிச்சிடுவாங்க. இதுலயும் அதேதான் நடக்குது. பாட்டு மட்டும் போதும்னா ஃபாத்திமா போதும், நாளைக்கு நான் ஸ்ரீரங்கத்துக்கு எதுக்குங்கிறா."

இந்த மாதிரி இடத்தில் சமாதானம் பேசாதீர்கள். ஆள் சொல்வது சரியென்றால் திட்டத்தை மாற்றுங்கள், தப்பென்றால் தப்பென்று சொல்லுங்கள். நடுவில் பேசுகிற பேச்செல்லாம் நேர விரயம். நான் ஸ்டெல்லாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன், உதடு தெரியும்படி. "நாளைக்கு வா. பாட்டு முழுக்க ஒரே ஷாட். ஒரு இடத்துலகூட வெட்ட மாட்டேன்."

"அண்ணே, கிணறு?" என்றான் பிரவீன்.

"கிணறு நல்லா இருந்துச்சு. அதை விட்டுடு."

தீப்பெட்டியை மறுபடி எடுத்தோம். இந்த முறை மூடிகளை ஸ்டெல்லா வைத்தாள். எங்கெல்லாம் அவளுடைய வாக்கியம் முடிந்து கை ஓய்கிறதோ அங்கே ஒரு மூடி. அந்த இடங்களில் மட்டும் கேமரா நகரலாம், மற்ற நேரத்தில் நகரக் கூடாது. வீதியில் ஆரம்பித்து, வாசல் வழியாக நடந்து, முற்றத்தில் முடிப்பது. நல்ல திட்டம். இப்போதும் அதை நல்ல திட்டம் என்றே சொல்வேன்.

ஸ்ரீரங்கத்து வீடு வைதேகி மாமியுடையது. பிரவீனுக்குப் பள்ளியில் கணக்கு நடத்தியவர். மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளைப் பார்க்க பெங்களூர் கிளம்புகிறார். கேமராவையும் அன்று சாயங்காலம் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். ஆக, இருந்தது அந்த ஒரு நாள்.

"வாடா. கணக்குலதான் என்னைப் படுத்தினே, படத்துலயாவது ஒழுங்கா இரு" என்று மாமி வரவேற்றார்.

வாசலில் ஸ்பீக்கரை வைத்து, பிரவீன் சோதனைக்குப் பாட்டைப் போட்டான். நான் வீதியில் நின்று நடக்கும் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஒருவர் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரர் காதில் ஏதோ சொன்னார். அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இன்னொருவர் வாசலில் நின்ற ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினார். நான் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"என்னண்ணே?"

"உள்ள எடுத்துட்டுப் போ."

யாராவது வந்து நிறுத்தச் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. விசேஷ வீடுகளில் நின்று நின்று கற்றது அது. ஒரு வீதியின் நடை மாறுவதைப் பார்த்தால் போதும்.

மாமி எதிர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். "எதிராத்து மாமா பரமபதிச்சுட்டார். காபி சாப்பிட்டுண்டே பேப்பர் படிச்சிண்டிருந்தாராம். அப்படியே சாஞ்சுட்டார்." அடுப்படிக் கதவைச் சாத்தினார். "அவரை எடுக்கற வரைக்கும் இந்த வீதியில யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம். உங்களுக்குச் சாப்பாடு பண்ணித் தரேன்னேன். முடியாது."

"சாப்பாடு பரவாயில்லீங்க. நாங்க கிளம்பட்டுங்களா?"

"கிளம்பி என்ன பண்ணுவேள்? நாளைக்கு ஆத்தைப் பூட்டிடுவேன். முற்றத்துல சத்தமில்லாம பண்ணிக்கோங்கோ. பாட்டெல்லாம் வேண்டாம். அவரை எடுத்தப்புறம் நான் தீர்த்தமாடி, ஆத்தை அலம்பணும். அதுக்குள்ள முடிச்சுடுங்கோ."

நான் எதிர் வீட்டுக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அங்கே யாரிடமும் விடை சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். இழவு வீட்டில் போயிட்டு வரேன் சொல்வதில்லை.

பிரவீன் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே இருந்த ரேழியில் உட்கார்ந்துவிட்டான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, சுற்றிப் பார்த்து, மூடினான். எனக்குப் பசி புதிதில்லை, அவனுக்குப் புதிது. "வீதி போச்சு. வாசல் போச்சு. பாட்டும் போட முடியாது. என்னண்ணே மிச்சம்?"

"அந்தப் பொண்ணு இருக்கு. முற்றம் இருக்கு."

திட்டம் உடையும்போது போனதை வரிசையாக எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எது இல்லாவிட்டால் இது இந்தப் படமே இல்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வெட்டுப்படாத கை. மற்றதெல்லாம் நேற்றே இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஃபாத்திமா பாட்டைத் தன் போனில் வைத்து, சின்ன இயர்போனை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். முற்றத்துத் தூணருகே உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள், முழங்காலில் விரலால் தாளம் தட்டுவாள். ஸ்டெல்லா ஓரக்கண்ணால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். கேமராவில் பார்த்தேன். பிரவீன் தேர்ந்தெடுத்த பூப்போட்ட சுடிதாரில் ஸ்டெல்லாவின் கை தொலைந்துபோனது. விரல் எது, பூ எது என்று தெரியவில்லை.

மாமியிடம் கேட்டேன். பீரோவிலிருந்து பூவும் கரையும் இல்லாத நவாப்பழ நிறப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, தானே கட்டிவிட்டார். "இப்படி விறைச்சுண்டு நின்னா எப்படிக் கட்டறது? கொஞ்சம் திரும்பு. கையைத் தூக்கு."

"மாமி, அவளுக்குக் காது கேக்காது."

"தெரியும்டா. ஆயுசு பூரா உங்களுக்குப் பாடம் நடத்தினேனே, காது கேக்கறவா மட்டும் என்னத்தைக் கேட்டா?"

நான் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் குறிக்கக் கோலப்பொடி கேட்டேன். மாமி யோசித்தார். "இன்னிக்கு வீதியில யாரும் கோலம் போடப்படாது." பிறகு அவரே, "உள்ள புள்ளி மட்டும் வச்சா அது கோலமாகாது. வச்சுக்கோங்கோ" என்று டப்பாவை நீட்டினார்.

முதல் முறை எடுத்தபோது பாதி பாட்டு வரை சரியாகப் போனது. அவள் முகம் கலங்கி வந்த ஓர் இடத்தில் என் கால் தானாக ஓர் அடி முன்னால் போய்விட்டது. பழக்கம். ஸ்டெல்லா நிறுத்தினாள். உள்ளங்கையால் காற்றைத் தள்ளினாள். பின்னால் போங்க. தீப்பெட்டியை இழுத்த அதே கை.

இரண்டாவது முறை பிரவீன் தண்ணீர்ச் செம்பைத் தட்டி உருட்டிவிட்டான். மாமி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பத்தாம் வகுப்புக்கே போய்விட்டான்.

மூன்றாவது முறை. எல்லாம் சரியாகப் போனது. புள்ளிக்குப் புள்ளி நான் நகர்ந்தேன், அவள் கை ஓய்ந்தபோது மட்டும். சத்தமே இல்லாத வீட்டில் படம் எடுப்பது எனக்குப் புது அனுபவம். தாளம் காதில் விழாததால் நான் அவள் கையைத்தான் பார்த்தாக வேண்டியிருந்தது. கடைசிச் சரணத்துக்கு வந்தபோது வீதியில் பாசுரம் சேவிக்கும் குரல்கள் எழுந்தன. எதிர் வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாமி எழுந்து கைகூப்பி ரேழிப் பக்கம் போனார். ஃபாத்திமா இயர்போனையும் மீறி அதைக் கேட்டுவிட்டாள். வாயசைப்பதை நிறுத்தி, எழுந்து, தலையைக் குனிந்து நின்றாள். முழங்காலில் தட்டிய விரல் இல்லை.

ஸ்டெல்லாவுக்கு வீதியில் நடப்பது தெரியாது. ஓரக்கண்ணில் இருந்த தாளம் நின்றுபோனது மட்டும் தெரிந்தது. அவள் கை நெஞ்சருகே தயங்கியது.

பிரவீன் என் தோளைத் தொட்டான். நிறுத்தலாம் என்று அர்த்தம். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க நேரம் கிடையாது. மாமி திரும்பி வந்ததும் வீட்டைக் கழுவ வேண்டும். நிறுத்தாவிட்டால் எழுந்து நிற்கும் ஃபாத்திமாவோடு ஷாட் பாழ். இதெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது அப்படி வரிசையாக வரவில்லை. இடது புள்ளிக்கு ஓர் அடி எடுத்து வைத்தேன். ஃபாத்திமா ஃப்ரேமை விட்டு வெளியே போனாள், ஸ்டெல்லா மட்டும் நின்றாள். கேமராவை வலது கையில் தாங்கிக்கொண்டு இடது கை விரலால் என் நெஞ்சில் தாளம் தட்டினேன். அந்தப் பாட்டை அவ்வளவு தடவை கேட்டிருந்தேன். கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கும். அவள் என் விரலைப் பார்த்தாள், தாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே குரல்கள் வாசலைக் கடந்து போயின. உள்ளே அவள் கை நெஞ்சிலிருந்து கிளம்பி, முன்னால் போய், வளைந்து, திரும்பி வந்து நெஞ்சில் தங்கியது. அவள் கையைக் கீழே விடும்வரை நான் அசையவில்லை.

"வெளியில அவரைத் தூக்கிட்டுப் போறாங்க, நாம எடுத்துட்டிருக்கோம். தப்பில்லையாண்ணே?" என்று பிரவீன் பிறகு கிசுகிசுத்தான். மாமிக்கு அது கேட்டுவிட்டது. "அவர் கிளம்பினார், இவள் பேசிண்டிருந்தா. இதுல என்னடா தப்பு? போய் எங்கேயாவது சாப்பிடுங்கோ எல்லாரும். போயிட்டு வாங்கோ."

என் விரல் தாளம் பாட்டோடு ஒத்துப்போகவில்லை. கடைசிச் சரணத்தில் கை கொஞ்சம் தாமதமாக வந்தது. பிரவீன் படத்தை வெட்டிச் சரிசெய்யப் பார்த்தான். வேண்டாம் என்று ஃபாத்திமா அந்தச் சரணத்தை ஸ்டெல்லாவின் கையைப் பார்த்துப் பார்த்து மறுபடி பாடிக் கொடுத்தாள்.

போட்டியில் பரிசு இல்லை. ஷாட் பிளானிங்கே இல்லை, கேமரா ஒரே முற்றத்தில் நிற்கிறது என்று ஒரு நடுவர் சொன்னாராம். பிரவீன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான். இப்போது நல்ல இடத்தில் வேலை பார்க்கிறான், ட்ரோன்தான் பறக்க விடுகிறான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருகிற வெள்ளைச் சட்டையோடு ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஸ்டெல்லாவோட அப்பாங்க. பாலக்கரையில ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருக்கேன்."

ஸ்டூலைத் தள்ளினேன். உட்கார்ந்தார்.

"பாட்டு நல்லாருக்குங்க. அந்தப் பொண்ணுக்கு நல்ல குரல். கடைசிச் சரணத்துல மட்டும் கொஞ்சம் இழுக்குது."

"ஆமாங்க. அது கைக்காக இழுத்தது."

அவர் தலையை ஆட்டினார். சிறிது நேரம் கடையில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தார். "முதல் தடவை பாட்டைத்தான் கேட்டேன். அப்புறம் என் வீட்டம்மா சவுண்டை நிறுத்திட்டு மறுபடி போட்டா. அதைத்தாங்க இப்ப தினம் பாக்குறோம்." போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதை மெதுவா ஓட்டித் தர முடியுங்களா? கை வேகமா போகுது. எங்களுக்குப் பிடிக்க முடியல."

"எதுக்குங்க?"

"ஜூன்ல கோயம்புத்தூர் போறா. போன்ல வீடியோவுல மூஞ்சியைப் பாத்துத்தானே பேசணும்? சாப்பிட்டியா, தூங்குனியான்னே எத்தனை நாளைக்குக் கேக்குறது?"

அந்தப் படத்தைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் மெதுவாக்கிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு, பாட்டை நிறுத்தி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். திரையில் மகள் கையைத் தூக்க, அவரும் தூக்கினார். கனமான கை, விரல் இடுக்கில் கிரீஸ் கறை. அவள் கை முன்னால் போனது. அவர் கையும் போனது. அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானே?"

"இல்லீங்க. இன்னும் கொஞ்சம் பாருங்க. அது திரும்பி வரும்."

அவர் திரைக்குத் திரும்பினார். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அது திரும்பும் இடத்துக்காகக் காத்திருந்தார்.